தாமதம் – காரணம்

போன மாதம் அப்பாவின் ஆட்டைத்திவசத்துக்காக வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணம் வந்துகொண்டிருந்தோம். வானில் எனக்குப் பக்கத்தில் அக்காவின் மகன். யுத்த காலத்தில் இரண்டு பகுதிக்கும் முன்னரங்காக இருந்த முகமாலையைக் கடக்கும்போது தலையில்லாத பனைகளையும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையையும் பார்த்துவிட்டு, "சித்தி, இதிலயோ இறங்கி நடந்தனீங்கள்?" என்று கேட்டான். ஓம் என்றேன். அதற்குள் வான் அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. அவன் பிறந்த வருடம் இதே இடத்தைத் தாண்ட முடியாமல் அவனுடைய அம்மம்மா நாலு மாதத்துக்கு மேல் அந்தப் பக்கம் இருந்தார்.

அந்தக் கதையை அவனுக்குச் சொல்ல வெளிக்கிட்டால் அப்பாவின் கொப்பியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பா இலங்கைப் போக்குவரத்துச் சபையில் ரைம்கீப்பர். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒரு சின்னக் கூண்டுக்குள் இருந்துகொண்டு, எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, எது எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று எழுதுவது அவருடைய வேலை. வேலையில் சேர்ந்த காலத்தில் கொழும்புக்கு இரவு பஸ் இருந்ததாம். 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கி ஆனையிறவுப் பாதை அடைபட்ட பிறகு, சனம் கிளாலியில் இரவிரவாக வள்ளம் ஏறிக் கடலேரியைக் கடந்து போனது. அதற்குப் பிறகு அப்பாவின் கூண்டுக்கு முன்னால் நின்றவை பருத்தித்துறை 750 மாதிரியான உள்ளூர் பஸ்கள் மட்டும்தான். தூரத்து பஸ் ஒன்றுக்கு நேரம் எழுத வேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஏக்கம்.

2002 பெப்ரவரி 22ஆம் திகதி அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி, வவுனியாப் பக்கம் இருந்து வரும் ஏ9 பாதை யாழ்ப்பாணம் வரைக்கும் திறந்தது. அந்த வருடம் அப்பா ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினார். அடிமட்டம் வைத்து நாலு நிரல் போட்டார்: புறப்பாடு, சேர்வு, தாமதம், காரணம். பஸ்ஸுக்கு என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் அதில் எழுதியது சமாதானப் பேச்சுவார்த்தையை.

முதல் பக்கத்தில் ஆறு வரி. 2002 செப்ரெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப் கடற்படைத் தளம். பிறகு நாக்கோன் பத்தோம், ஒஸ்லோ, திரும்பவும் நாக்கோன் பத்தோம், பேர்லின், கடைசியாக 2003 மார்ச்சில் யப்பானின் ஹக்கோனே. ஆறு மாதத்தில் ஆறு பயணம், தாமத நிரல் முழுக்கச் சுத்தம். பேர்லினுக்கு நேரே மட்டும் "வழி மாற்றம்" என்று எழுதியிருக்கிறார். புலிகளின் தலைமைப் பேச்சாளர் அன்ரன் பாலசிங்கத்தின் உடல்நிலை காரணமாகத் தாய்லாந்தில் இருந்து அங்கே மாற்றியிருந்தார்கள். ஒஸ்லோவுக்குக் கீழே சிவப்புப் பேனையால் இரட்டைக்கோடு. ஒன்றுபட்ட இலங்கைக்குள் சமஷ்டி (கூட்டாட்சி) முறையை ஆராய்வதாக இரண்டு பகுதியும் சொன்னது அங்கேதான். அன்றைக்கு அப்பா பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் முற்றத்தில் இருந்தார். நான் அப்போது பதினைந்து வயதுப் பிள்ளை. சமஷ்டி எனக்கு வரலாற்றுப் பாடத்தில் வருகிற சொல். சமாதானம் என்றால் எனக்கு ஏ9. வவுனியாவுக்குப் போய் அக்காவைப் பார்க்கலாம், வரும்போது மலிவாக ஒரு சோடி செருப்பு வாங்கலாம். அவ்வளவுதான்.

இரண்டாவது பக்கத்தில் இருந்துதான் காரண நிரல் நிரம்பத் தொடங்குகிறது.

2003 ஏப்ரலில் வொஷிங்டனில் உதவி வழங்கும் நாடுகளின் ஆயத்தக் கூட்டம். அமெரிக்கா புலிகளை 1997இலேயே தடைசெய்திருந்ததால் அவர்கள் அங்கே போக முடியாது. அப்பா எழுதிய காரணம் ஒரே சொல்: "விசா." அந்த மாதம் 21ஆம் திகதி, பேச்சுகளில் தற்காலிகமாகப் பங்குபற்ற மாட்டோம் என்று பாலசிங்கம் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்குக் கடிதம் எழுதினார். வொஷிங்டன் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. மீள்குடியேற்றம் நடக்கவில்லை, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயங்கள் அப்படியே கிடக்கின்றன என்ற குறையும் அந்தக் கடிதத்தில் இருந்தது. ஆனால் எந்தக் கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில் இடறியதும் உண்மை.

ஜூன் மாதம் டோக்கியோவில் 51 நாடுகளும் 22 சர்வதேச அமைப்புகளும் கூடி 450 கோடி டொலர் தருவதாகச் சொன்னார்கள். நோர்வே, யப்பான், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் என்று சமாதான முயற்சிக்கு நாலு இணைத்தலைமைகள் பிறந்தது அங்கேதான். புலிகள் போகவில்லை. காசுக்கும் சமாதான முன்னேற்றத்துக்கும் முடிச்சுப் போட்டிருந்தார்கள், அந்த முன்னேற்றத்தைக் காட்ட வேண்டிய இரண்டு பேரில் ஒருவர் கூட்டத்திலேயே இல்லை. அப்பா செய்தியைக் கேட்டுவிட்டு, "ரிக்கற் எல்லாம் வித்தாச்சு பிள்ளை, றைவரைத்தான் காணேல்லை" என்றார்.

அந்த வருடம் ஒக்ரோபர் கடைசியில் புலிகள் வடக்கு கிழக்குக்கான இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபைத் திட்டத்தைக் கொடுத்தார்கள். நாலு நாளில் ஜனாதிபதி சந்திரிகா, பிரதமர் ரணிலின் அரசாங்கத்திடம் இருந்து மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார். கொழும்பில் யாரோடு பேசுவது என்று தெளிவாகும் வரைக்கும் ஒதுங்கி நிற்பதாக, மத்தியஸ்தம் செய்த நோர்வே சொல்லிவிட்டது. அதற்கு அப்பா எழுதிய காரணம்: "ஒரு பஸ், ரெண்டு கொண்டக்டர், ரெண்டு பேரும் விசில்." அடுத்த மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தபோது இந்தப் பக்கமும் அதே கதை. அதை மட்டும் அவர் எழுதவில்லை. அந்தக் காலத்தில் சிலதை எழுதி வீட்டில் வைத்திருக்கப் பயம்.

சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட ஒரு பொதுக்கட்டமைப்பு என்று 2005 ஜூனில் அரசாங்கமும் புலிகளும் கையெழுத்திட்டார்கள். மூன்று வாரத்தில் உயர்நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை நிறுத்திவைத்தது. கொப்பியில் ஒரே ஒரு வரி, அவ்வளவுதான்.

2006ஆம் வருடப் பக்கம்தான் எனக்கு இப்போதும் ஆச்சரியம். பெப்ரவரியில் ஜெனீவாவில் சந்தித்து, ஏப்ரலில் திரும்பச் சந்திப்பதாகச் சொன்னார்கள். ஏப்ரல் சந்திப்பு எதில் நின்றது தெரியுமா? கிழக்கில் இருக்கும் புலிகளின் தளபதிகளைக் கிளிநொச்சிக்குக் கூட்டிவருவது எப்படி என்பதில். ஹெலிகொப்ரரா, கப்பலா, கப்பல் என்றால் கடற்படை பின்னால் வரலாமா என்று இழுபட்டு, பேச்சே நடக்கவில்லை. மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. ஜூனில் இரண்டு குழுவும் ஒஸ்லோவுக்கே போய் இறங்கின. அரசாங்கக் குழுவில் வந்தவர்களின் தரம் போதாது என்று சொல்லிப் புலிகள் ஒரே மேசையில் இருக்க மறுத்தார்கள். அப்பா எழுதியவை: "கப்பல்." "கதிரை."

போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்கும் அப்போதுதான் அடி விழுந்தது. நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து என்று ஐந்து நாட்டுக்காரர். கையில் ஆயுதம் இல்லை, யாரையும் தடுக்கும் அதிகாரமும் இல்லை. முறைப்பாட்டை எழுதி, விசாரித்து, இது மீறல், இது மீறல் அல்ல என்று சொல்லலாம். ஐஸ்லாந்தில் இராணுவமே கிடையாது என்று எங்கள் வாத்தியார் சொல்லி, இராணுவம் இல்லாத நாட்டுக்காரர் வந்து எங்கள் இரண்டு இராணுவத்தையும் பார்க்கிறார்கள் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால் அவர்கள் எழுதிய கணக்கு சிரிப்புக்குரியது அல்ல. 2007 வரைக்கும் புலிகளின் மீறல்கள் ஏறத்தாழ 3,800, அரசாங்கத்தின் மீறல்கள் 350 அளவில். புலிகளுடையதில் பெரிய பங்கு சிறுவரைப் படையில் சேர்த்தது. எங்கள் வகுப்பில் ஒரு கதிரை ஏன் வெறுமையாகக் கிடந்தது என்று எங்களுக்கும் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. எண்ணிக்கையில் குறைந்த மற்றப் பக்கத்தின் கணக்குக்குள்ளும் உயிர்கள் இருக்கின்றன. ஐரோப்பியத் தடை வந்ததும், ஒன்றிய நாட்டுக்காரர் போக வேண்டும் என்று புலிகள் சொல்ல, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் மூன்றும் செப்ரெம்பரோடு வெளியேறின. மிச்சம் நோர்வேயும் ஐஸ்லாந்தும். மத்தியஸ்தம் செய்த நோர்வேயே கண்காணிப்புக் குழுவின் தலைவரையும் நியமித்தது முதல் நாளில் இருந்தே பிழையான ஏற்பாடு என்பது என் எண்ணம். நடுவரே கோல்காப்பாளராகவும் நின்றால் யாருக்குக் கோபம் வந்தாலும் அடி அவருக்குத்தான்.

சரி, இனி எங்கள் வீட்டுக் கதை.

மருமகன் 2006 ஜூலை 11ஆம் திகதி வவுனியாவில் பிறந்தான். அம்மா முன்கூட்டியே போயிருந்தார். போனது எப்படி என்றால், முகமாலையில் இராணுவத்தின் சோதனை, இறங்கி நடை, நடுவில் சூனியப் பிரதேசத்தில் செஞ்சிலுவைக்காரர், அந்தப் பக்கம் புலிகளின் சோதனை, படிவம், திரும்ப பஸ், வவுனியாப் பக்கம் ஓமந்தையில் இதே கூத்துத் தலைகீழாக. அம்மா கொண்டுபோன சரக்குத்தூள் டப்பாவை இரண்டு பகுதியும் திறந்து மணந்து பார்த்தார்களாம். "ரெண்டு பேருக்கும் தும்மல்" என்று போனில் சிரித்தார். பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கை முடித்து ஓகஸ்ட் 12, சனிக்கிழமை திரும்பி வருவதாக ஏற்பாடு.

ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியது. பாதை மூடியாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு.

அதற்குப் பிறகு சங்கக்கடை வரிசை, பங்கீட்டு அட்டை, சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த பிளேன்ரீ. கரண்ட் சில மணித்தியாலம்தான், பற்றரி கிடையாது. அப்பா பழைய சைக்கிள் டைனமோவைத் தேடி எடுத்துத் தேங்காயெண்ணெய் விட்டார். தொண்ணூறுகளில் செய்தமாதிரியே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் பெடலைச் சுற்ற, அவர் றேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு இருப்பார். கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து போகும். "சுத்து பிள்ளை, சுத்து, இப்பதான் முக்கியமான இடம்."

ஒக்ரோபர் 28, 29 ஜெனீவா. அரசாங்கக் குழுவுக்கு நிமால் சிறிபால டி சில்வா, புலிகளின் குழுவுக்குத் தமிழ்ச்செல்வன், நடுவில் நோர்வேயின் எரிக் சொல்ஹெய்ம். ஊரடங்கு தளர்ந்த நேரம் பார்த்து நாங்கள் கொமினிகேசனில், அதுதான் தொலைபேசிக் கடையில், வரிசையில் நின்று அம்மாவோடு கதைத்தோம். "இஞ்சேருங்கோ, பாதை திறப்பினமாமோ?" என்று அம்மா கேட்டது ரிசீவருக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது. அப்பா, "கதைக்கினம், கதைக்கினம்" என்றார்.

ஏ9ஐத் திறந்தால்தான் மிச்சம் பேசலாம் என்று புலிகள். பாதையைத் திறக்க முடியாது, சாமான்களைக் கடல் வழியாக அனுப்பலாம் என்று அரசாங்கம். அடுத்த சந்திப்புக்குத் திகதியே குறிக்காமல் எழும்பிவிட்டார்கள். செய்தி வந்தபோது நான் பெடலை நிற்பாட்டவில்லை. அப்பாதான் றேடியோவை மூடினார். வெறும் சில்லு கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டு இருந்தது.

அன்றைக்கு எனக்கு இரண்டு பகுதியிலும் கோபம். ஒரு பாதைக்காக இவ்வளவு தூரம் போய்ச் சண்டை பிடிக்கிறார்களே என்று. இப்போது யோசித்தால், அது பாதை மட்டும் இல்லை என்று புரிகிறது. அதில் போகிற ஒவ்வொரு லொறியும் புலிகளுக்கு வரி. அவர்களுடைய சாவடியில் சனம் படிவம் நிரப்புவது, அது ஓர் எல்லை என்று ஒப்புக்கொள்வது. இராணுவத்துக்கு அதைத் திறப்பது, இரண்டு மாதத்துக்கு முன் சண்டை நடந்த முன்னரங்கில் ஒரு வாசலை விடுவது. யார் யாருடைய அனுமதியோடு எங்கே போகலாம் என்பதுதான் முழுச் சண்டையுமே. விசா, கப்பல், கதிரை, பாதை எல்லாம் அதே கேள்விதான். இணைத்தலைமை நாடுகள் அதை மனிதாபிமானப் பிரச்சினை என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டு, அரசியலைப் பிறகு பேசலாம் என்று காத்திருந்தார்கள். வேறு வழி இருந்ததா என்றால், 2006இல் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2003இல் இருந்திருக்கலாம்.

2008 ஜனவரியில் அரசாங்கம் ஒப்பந்தத்தில் இருந்து விலகியது. 2009இல் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. பாதை திறந்தது அதற்குப் பிறகுதான்.

திவசம் முடிந்த பின்னேரம் மருமகனுக்குக் கொப்பியைக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஜெனீவா. புறப்பாடு இருக்கிறது, சேர்வு வெறுமை, காரணம் "பாதை". அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி, வேறு மையில். "இதென்ன, திருகோணமலையிலயும் பேச்சுவார்த்தை நடந்ததோ?" என்று கேட்டான். வாசித்துக் காட்டினேன்.

திருகோணமலை – காங்கேசன்துறை, கப்பல். வர வேண்டியது 12.8.2006. சேர்வு 23.12.2006. தாமதம் 4 மாதம் 11 நாள்.

காரணம் என்ற இடத்தில் அப்பா ஒன்றும் எழுதவில்லை. ரைம்கீப்பர் கையெழுத்து மட்டும் வைத்திருக்கிறார்.