டீசல் தீர்வதற்குள்

நைஜீரியாவின் லாகோஸில் பாட்டு வீடியோ எடுக்கும் இயக்குநர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: பளபளப்பாக எடுப்பார்கள், கதை சொல்ல வராது. அந்த ஊரில் ஜெனரேட்டர் சர்வீஸ் வேலையில் இருந்தபோது, படப்பிடிப்புகளுக்கு வாடகைக்குப் போகும் ஜெனரேட்டர் செட்டுகளோடு நானும் போவேன். விடியும் வரை அங்கேயே நிற்கவேண்டியிருக்கும். அப்படி நின்று பார்த்தவன் என்பதால் அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. பாட்டு வீடியோவிலிருந்து சினிமாவுக்குப் போன இயக்குநர் கெமி அடெடிபாவின் படங்களைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

அடெடிபா லாகோஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். வக்கீலாகாமல் ரிதம் 93.7 வானொலிக்குப் போனார், அப்புறம் தொலைக்காட்சித் தொகுப்பாளரானார். பாட்டுக்காரர்களைப் பேட்டி கண்டுகொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் கேமராவுக்குப் பின்னால் போக ஆசைப்பட்டு நியூயார்க் ஃபிலிம் அகாடமியில் படித்தார். திரும்பி வந்து முன்னணிப் பாடகர்களுக்கு வீடியோ இயக்கினார். ஊர் கொண்டாடும் பாடகி டிஒய் பெல்லோவின் ‘எகுன்டாயோ’ அவர் எடுத்ததுதான். முழுநீளப் படம் 2016-இல்தான் வந்தது.

அந்த இடைப்பட்ட காலத்தை வெறும் காத்திருப்பு என்று நினைப்பவர்களுக்கு, அங்கே ஒரு பாட்டு வீடியோ எப்படி எடுக்கப்படுகிறது என்று சொல்ல வேண்டும்.

நைஜீரியாவில் கரண்டை நம்பி யாரும் படப்பிடிப்பு வைப்பதில்லை. மின்வாரியத்தின் பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் ஜனங்களுக்கு அது இன்னும் ‘நேப்பா’தான், கரண்ட் வந்துவிட்டால் குழந்தைகள் ‘அப் நேப்பா!’ என்று தெருவே அதிரக் கத்துவார்கள். ஆகவே ஜெனரேட்டர் வந்தால்தான் முதல் விளக்கே எரியும். பாடகருக்கோ இரண்டு கச்சேரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு ராத்திரிதான் ஒழிவு. அவரோடு மேனேஜர் வருவார், நண்பர்கள் வருவார்கள், எல்லோருக்கும் ஃபிரேமில் நிற்க ஆசை. தெருவில் படமெடுத்தால் ‘ஏரியா பையன்கள்’ எனப்படும் பேட்டை ரவுடிகள் வந்து காசு கேட்பார்கள். டீசல் கணக்கு தனி. இத்தனைக்கும் நடுவே, அடுத்த ஷாட் என்ன என்று இயக்குநர் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது.

ஸ்லோ மோஷன் எடுப்பதைப் பார்த்தால் இது புரியும். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். பாடகர் அந்த வேகத்துக்கு வாயசைக்க வேண்டும். கேமரா நொடிக்கு 50 ஃபிரேம் ஓடும். அதை 25-இல் போட்டுப் பார்க்கும்போது உதடு பாட்டோடு பொருந்தும், உடம்பு மட்டும் மிதக்கும். எந்த வரி மிதக்க வேண்டும் என்பதை இயக்குநர் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். பழைய சோக் வைத்த எச்எம்ஐ என்ற பெரிய படப்பிடிப்பு விளக்குகள் இருந்தால் எனக்கும் வேலை கூடும். ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸில் நிலையாக நிற்காவிட்டால் படத்தில் வெளிச்சம் துடிக்கும். லைட்மேன் பெரிய விளக்குகளை ஒரேயடியாக அணைத்தால் எஞ்சின் எகிறிவிடும்.

ஓர் இளம் இயக்குநர் இருந்தார். ஸ்பாட்டுக்கு வந்ததும் நேராக ஜெனரேட்டர் பக்கம் வந்து, எத்தனை விளக்கு தாங்கும், எதை முதலில் போட வேண்டும், எதைக் கடைசியில் அணைக்க வேண்டும் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். ராத்திரி முழுக்க அந்த வரிசைப்படியே ஷாட் வைப்பார். அவர் படப்பிடிப்பில் யாரும் கத்தி நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் ஒரு படம் இயக்கப் போனபோது எங்கள் ஜெனரேட்டரைத்தான் வாடகைக்கு எடுத்தார். அங்கே பிரச்சினையே வேறு. பாட்டு வீடியோவில் ஜெனரேட்டர் எவ்வளவு சத்தம் போட்டாலும் கவலையில்லை. படத்துக்கு ஸ்பாட்டிலேயே வசனம் பதிவாகிறது. எங்கள் வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்தி, மின்னழுத்தம் குறையாதபடி தடித்த கேபிளாகப் போட்டு இழுத்தோம். ஆனால் தெருவில் இருக்கும் எல்லா வீட்டு ஜெனரேட்டரையும் என்ன செய்வது? வீடு வீடாகப் போய்க் காசு கொடுத்து, ஒரு மணி நேரம் அணைக்கச் சொன்னார்கள். உறைமீன் விற்கும் ஓர் அம்மா மட்டும் முடியவே முடியாது என்றுவிட்டார். ஃப்ரீசர் நின்றால் சரக்கு கெட்டுப்போகும், நியாயம்தானே. இயக்குநர் தானே போய்ப் பேசினார். கடைசியில் அந்த ஃப்ரீசருக்கு எங்கள் லைனிலிருந்தே இணைப்புக் கொடுத்தேன். தெரு அடங்கியது, காட்சி எடுத்தாயிற்று. படம் முடியும் வரை அந்த அம்மாதான் யூனிட்டுக்கு மீன் வறுத்துக் கொடுத்தார். இந்தச் சாமர்த்தியத்தை அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றார் என்று எனக்குத் தெரியும்.

அடெடிபாவிடம் நான் மதிப்பது இன்னொன்றை: ஆளைப் பார்க்கும் கண். பாட்டு வீடியோவில் வசனம் கிடையாது. நடிக்கத் தெரியாத ஒருவரின் முகத்தை நாலு நிமிடம் பார்க்க வைக்க வேண்டும். அந்த ஆளிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் அது நடக்காது. அவருடைய முதல் படமான ‘தி வெட்டிங் பார்ட்டி’ டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டு, டிசம்பரில் திரைக்கு வந்து, அதுவரையிலான நைஜீரியப் படங்களின் வசூலையெல்லாம் தாண்டியது. அதில் மாப்பிள்ளை, பாடகர் பேங்கி டபிள்யூ. மணப்பெண்ணின் அம்மாவாக வந்து அரங்கைச் சிரிக்க வைத்தவர் ஷோலா ஷோபோவாலே.

2018-இல் அடெடிபா தானே எழுதித் தயாரித்து இயக்கிய ‘கிங் ஆஃப் பாய்ஸ்’ வந்தது. அதே ஷோபோவாலேதான் இதில் லாகோஸின் நிழலுலகத்தை ஆளும் எனியோலா சலாமி. கல்யாண வீட்டில் ஆடிய அம்மாவிடம் இப்படி ஒரு தலைவி இருப்பது வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்? எதிராளி மக்கனாகியாக ராப் பாடகர் ரெமினிஸ். இன்னொரு ராப் பாடகரான இல்பிளிஸ், ஒடோக்வு மலே. இருவரும் அதுவரை நடிகர்களாகப் பெயர் எடுத்தவர்கள் அல்ல. ரெமினிஸ் நடந்து வரும் விதத்திலேயே எதிரே நிற்பவனுக்கு வயிறு கலங்கும். பாட்டுக்காரர்களை நெருக்கத்தில் வருடக்கணக்காகப் பார்த்தவருக்குத்தான் அந்த நடையின் மதிப்பு தெரியும். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம் அது. 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் ஏழு பகுதித் தொடராக அதன் தொடர்ச்சி வந்தபோது மக்கனாகி மறுபடியும் வந்தார். 2025-இல் அவருடைய ‘டு கில் எ மங்கி’ தொடரும் வந்துவிட்டது.

இப்போது லாகோஸில் எல்இடி விளக்குகள் வந்து, சின்ன ஜெனரேட்டரே போதும் என்றாகிவிட்டது. டீசல் விலையைப் பார்த்தால் அது நல்லதுதான். ஆனாலும் ஒரே ராத்திரியில் பாட்டை முடிக்கும் வழக்கம் மாறவில்லை. யாராவது புதுப் பையனோ பெண்ணோ முதல் வீடியோ எடுக்கிறேன் என்று சொன்னால், ‘சினிமாவுக்கு எப்போது போவாய்’ என்று நான் கேட்பதில்லை. எத்தனை விளக்கு போடப் போகிறாய் என்றுதான் கேட்பேன்.