முப்பத்தெட்டுப் படி

ஜூன் 6, 2025, வெள்ளி

காலை பத்து மணிக்கு டிவியில் ரிசர்வ் வங்கி ஆளுநர் பேசி முடிப்பதற்குள் புரோக்கரிடமிருந்து போன். "மார்க்கெட் திரும்பிடுச்சு மேடம். ரெப்போ அரை பர்சென்ட் குறைச்சுட்டாங்க."

ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி; அது இறங்கினால் வீட்டுக் கடன் வட்டியும் இறங்கும். பிப்ரவரியில் 6.50 இருந்தது 6.25 ஆனது, ஏப்ரலில் 6, இன்று 5.50. நாலு மாதத்தில் முழுசாக ஒரு சதவீதம். கருவூலத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவளுக்குக் கை சும்மா இருக்குமா? 50 லட்சம் கடன், 20 வருஷம். எட்டரை சதவீத வட்டியில் மாதம் 43,391 ரூபாய், ஏழரையில் 40,280. வாங்குகிறவனுக்கு மாதம் 3,111 மிச்சம். அந்த மிச்சத்தில் கொஞ்சம் நம் பக்கம் வராதா என்று, 62 லட்சம் என்று சொல்லிக்கொண்டிருந்த விலையை மத்தியானச் சாப்பாட்டுக்குள் 65 ஆக்கிவிட்டேன்.

விற்கிற காரணத்தையும் எழுதி வைக்கிறேன். நங்கநல்லூரில் 1996-ல் வாங்கிய பிளாட். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முப்பத்தெட்டுப் படி. இவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. முதல் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறோம். ஏறும்போது ஒருதரம், இறங்கும்போது ஒருதரம் அதில் உட்கார்ந்து எழுந்திருப்பார்.

ஜூன் 15, ஞாயிறு

முதல் பார்ட்டி வந்தது. "மேடம், அந்தச் சேரை எடுத்து உள்ள போட்டுடுங்க. பார்த்தவுடனே படி ஞாபகம் வந்துடும்" என்று நேற்றே சொல்லிவிட்டான் புரோக்கர். எடுத்து வைத்தேன். அப்புறம் இவர் கீழே போக முடியாமல் நாள் முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஐடி. அந்தப் பெண் சமையலறை ஜன்னல் வழியாகத் தெரிகிற வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பையன் ஜன்னல் பக்கமே வரவில்லை. "யூடிஎஸ் எவ்வளவு ஆன்ட்டி?" என்றான். மனையில் எங்களுக்குள்ள பிரிக்காத பங்கைக் கேட்கிறான். 410 சதுர அடி என்றேன். போனை எடுத்தான். "இந்த ஏரியால மனை 11,000 போகுது. 410-ன்னா 45 லட்சம். முப்பது வருஷக் கட்டடத்துக்கு மேல என்ன போடறது?"

780 சதுர அடி வீட்டில் அவன் கண்ணுக்குத் தெரிந்தது மண்ணில் எங்களுக்குள்ள பங்கு மட்டும்தான். போன வருஷம் ஒன்றரை லட்சம் செலவழித்து மாற்றிய பாத்ரூம் டைல்ஸைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நாங்கள் வாங்குகிற பார்ட்டி. பெரும்பாக்கம் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி, இரண்டு லிஃப்ட். 78 லட்சம் என்றார்கள். விற்பனைப் பெண் 1,080 சதுர அடி என்று ஆரம்பித்தாள். கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்குகிற இடம், எவ்வளவு என்று கேட்டால் 750-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மிச்சமெல்லாம் சுவரிலும் வராந்தாவிலும் படிக்கட்டிலும் நமக்குள்ள பங்காம். கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. கேட்டால்தான் வாயைத் திறக்கிறார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் இவர் சொன்னார்: "போன வாரம் அந்தப் பையன் பேசின மாதிரியே பேசினே." உண்மைதான். யூடிஎஸ் கேட்டேன், சுவரைத் தட்டிப் பார்த்தேன், "வட்டி குறைஞ்சா ஜனம் வாங்க வரும்னுதானே விலையை ஏத்தறீங்க" என்று சண்டைக்கும் போனேன். 62-ஐ 65 ஆக்கியவளும் நான்தான்.

ராத்திரி பதிவுச் செலவைக் கணக்குப் பார்த்தேன். 2023 டிசம்பரிலிருந்து, புது பிளாட்டின் முதல் விற்பனைக்குத் தனி விகிதம். 50 லட்சம் வரைக்கும் முத்திரைத்தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; அதற்கு மேல் 3 கோடி வரைக்கும் 5-ம் 2-ம். எங்களுடையது போன்ற பழைய பிளாட்டை வாங்குகிறவருக்கு வழக்கமான 7-ம் 2-ம். அதாவது 78 லட்சத்துக்குப் புது பிளாட் வாங்கினால் பதிவுச் செலவு 5 லட்சத்து 46 ஆயிரம். என் பிளாட்டை 60 லட்சத்துக்கு வாங்குகிறவருக்கும் 5 லட்சத்து 40 ஆயிரம்! கட்டி முடிக்காத வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி தனியாக உண்டுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வயிறு எரியத்தான் செய்தது.

பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை என்று ஏப்ரலில் வந்ததே, அது 10 லட்சம் வரையிலான சொத்துக்கு. நங்கநல்லூரில் 10 லட்சத்துக்கு ஸ்கூட்டர் நிறுத்த இடம் கேட்கலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. ஆடி பிறந்ததிலிருந்து ஒரு போன் கிடையாது. ரெப்போ எங்கே இருந்தால் என்ன, ஆடியில் யார் அட்வான்ஸ் கொடுப்பார்கள்? நாற்காலி மறுபடி திருப்பத்துக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணி பிறந்து நாலாம் நாள் ஒரு வியாபாரி வந்தார். அதிகம் பேரம் பேசவில்லை, 62-க்குச் சரி என்றார். பத்திரத்தில் 40 காட்டலாம், மிச்சம் கையில். சாதாரண விஷயம் போலச் சொன்னார், புரோக்கரும் தலையை ஆட்டினான்.

அந்த 22 லட்சத்தை நான் பெரும்பாக்கத்தில் யாரிடம் கொண்டு போய்க் கொடுப்பது? அவர்கள் செக்கும் வங்கிக் கடனும்தான் கேட்கிறார்கள். ஆடிட்டரைக் கேட்டால், விற்ற லாபத்தை இரண்டு வருஷத்துக்குள் வேறு வீட்டில் போட்டால் வரியே கிடையாது என்கிறார். பொய்க்கணக்கு எழுதி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, தலைவலி மட்டும் மிச்சம். வேண்டாம் என்றேன். "இந்தக் காலத்துல இப்படியும் ஒருத்தங்களா" என்ற மாதிரி பார்த்துவிட்டு இறங்கினார். பாராட்டாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

நேற்று நாத்தனார் மகன் மனை பதிந்தான், சாட்சிக் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். ஆவணி முகூர்த்த நாள் என்று வழக்கமான 100 டோக்கனுக்குப் பதில் 150 கொடுத்திருந்தார்கள். உட்கார இடமில்லை. கைக்குழந்தையோடு ஒருத்தி ஜன்னல் திண்டில் உட்கார்ந்து பால் புட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். கைரேகை வைக்கும் மிஷின் வயசானவர்கள் விரலை எடுக்க மாட்டேன் என்றது. ஒரு பெரியவர் வேட்டியில் துடைத்துத் துடைத்து ஏழு தரம் வைத்தார்.

அந்த ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்கப் பதிவுத் துறைக்கு 274 கோடி ரூபாய் வருமானமாம். படித்துவிட்டு இவர், "மார்க்கெட் நல்லாத்தானே இருக்கு, நம்ம வீட்டுக்கு மட்டும் என்ன?" என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

என்ன என்பது இன்று தெரிந்தது.

செப்டம்பர் நடுவில் ஒரு ஸ்கூல் வாத்தியார் குடும்பம் 58-க்கு முடித்தது. நல்ல மனுஷர்கள். புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாளே இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டார்கள். வங்கிக் கடனுக்குத் தாய்ப்பத்திரம், வில்லங்கம், வரைபடம் எல்லாம் கொடுத்தோம். வில்லங்கம் சுத்தம். வரைபடத்தில் மாட்டிக்கொண்டது. அனுமதி வாங்கியது நாலு வீட்டுக்கு, கட்டியது ஆறு. எங்களுடையது அந்த ஆறில் ஒன்று, நாலில் எது என்று சொல்ல முடியாது. வங்கி வக்கீல் ஒரு பக்கத்தில் 'பரிந்துரைக்க இயலாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

1996-ல் எங்களுக்குக் கடன் கொடுத்தபோது யாரும் இதைக் கேட்கவில்லை. அன்றைக்கு சென்னையில் பாதித் தெரு இப்படித்தான் எழும்பியது. தனியார் ஹவுசிங் ஃபைனான்ஸில் தருவார்களாம், வட்டி இரண்டு சதவீதம் கூட. வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு, வேண்டாம் என்றார். அட்வான்ஸை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

ஆக, ரிசர்வ் வங்கி மும்பையில் எத்தனை குறைத்தாலும் இந்த முப்பத்தெட்டுப் படி ஏறி என் வீட்டுக்கு வராது. கடன் கிடைக்கிற வீட்டுக்குத்தானே வட்டி. இத்தனை வருஷம் கணக்கு எழுதியும் இது ஜூன் மாதமே எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

பெரும்பாக்கத்தையும் விட்டாகிவிட்டது. ராம்சார் என்கிற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதுக் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் செப்டம்பரில் சொன்னது. அனுமதி கொடுக்கிற சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நிறுத்தி வைத்திருக்கிறது. "நமக்கு முன்னாடியே அப்ரூவல் வாங்கியாச்சு மேடம்" என்கிறாள் அந்தப் பெண். இருக்கலாம். ஆனால் நாளைக்கு நான் விற்கப் போகும்போது எந்த வக்கீல் என்ன எழுதுவார்? ஒருதரம் சூடு பட்டாகிவிட்டது.

அந்தச் சதுப்புநிலத்தை நிரப்பி நிரப்பிக் கட்டியதால் 2015-ல் என்ன நடந்தது என்று பார்த்தவள் நான். தடையைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. வாங்க நினைத்தவள் என்ற முறையில் எரிச்சலும் போகவில்லை.

போகிற போக்கில், செப்டம்பர் 22-லிருந்து சிமென்ட் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டதே, விலை குறையுமா என்று கேட்டுப் பார்த்தேன். "கூலி ஏறிடுச்சு மேடம்" என்று உடனே பதில் வந்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

டிட்வா புயல் வலுவிழந்த பிறகும் இரண்டு நாளாகக் கொட்டுகிறது. மழைக்கோட்டோடு ஒருவர் கீழே நின்று தெருவை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். விளம்பரம் பார்த்து வந்தவராம். வீட்டுக்குள் வரவில்லை. "மழை நேரத்துல தெருவைப் பார்த்தா போதும்மா, வீட்டை வெயில்ல பார்த்துக்கலாம்" என்றார். கணுக்கால் அளவு தண்ணீர். திருப்தியாகப் போனார் என்று நினைக்கிறேன். வரைபடச் சமாசாரத்தை நானே சொல்லிவிட்டேன். இரண்டாம் போன் வரவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

ரெப்போ 5.25. பத்தேகாலுக்குப் போன். "மார்க்கெட் திரும்பிடுச்சு மேடம்."

சாயங்காலம் எங்கள் வீட்டில் கூட்டம். ஒரு சின்ன புரமோட்டர், இடித்துவிட்டு லிஃப்டோடு கட்டித் தருகிறேன், பதினெட்டு மாத வாடகையும் தருகிறேன் என்கிறார். ஆறு வீட்டில் நாலு பேர் சரி சொல்லிவிட்டோம். 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் போதும். "சட்டம் சொல்லும்மா. ஆறு கையெழுத்தும் இல்லாம நான் கடப்பாரையைத் தொட மாட்டேன்" என்றார் அவர். கீழ்வீட்டு மாமிக்கு இஷ்டமில்லை. அவர் வைத்த கொய்யா மரம் போய்விடும். இன்னொருவர் சிட்னியில்.

அதற்கு முன்னால் தெருவை அளந்தார்கள். சாலை அகலத்தை வைத்துத்தான் எத்தனை மாடி என்பது. எதிர்வீட்டுக்காரர் வாசல் படியை இரண்டடி வெளியே இழுத்துக் கட்டியிருக்கிறார். டேப்பைப் பிடித்தபடி அந்தப் படியையே முறைத்துக்கொண்டு நின்றான் புரமோட்டரோடு வந்த பையன்.

புரமோட்டர் கனத்த உடம்புக்காரர். ஏறும்போது முதல் மாடித் திருப்பத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இன்னும் எத்தனை படிம்மா?" என்றார்.

பத்தொன்பது.

சிட்னியில் இந்நேரம் நடு ராத்திரி ஆகியிருக்கும். காலையில் முதல் வேலையாக அவரைக் கூப்பிட வேண்டும்.