பெயர் தெரியாத செடியில் கத்தரி வைக்குமுன்

பெயர் தெரியாத புதர்ச்செடியைக் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்கினால், செத்துவிடுமோ என்றுதான் பலருக்கும் பயம். பெரும்பாலும் சாகாது, பூக்காமல் போகும். அதனால் பெயரைத் தேடுவதற்கும் முன்னால் பூ எங்கே வருகிறது என்று பாருங்கள். இந்தப் பருவத்துப் பச்சைத் தளிரிலா, போன வருடத்துப் பழுப்பேறிய குச்சியிலா?

செம்பருத்தி, மருதாணி, உண்ணிச்செடி எல்லாம் புதுத் தளிரில் பூப்பவை. துளிர்விடுவதற்குச் சற்று முன் வெட்டினால் நன்றாகக் கிளைத்துப் பூக்கும். உருண்டைப் பூங்கொத்து வைக்கும் ஹைட்ராஞ்சியா பெரும்பாலும் பழைய குச்சியில் பூப்பது. பூ முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அடுத்த வருடத்து மொட்டைத்தான் வெட்டி எறிவோம். பூவையே பார்த்ததில்லையா? ஒரு பருவம் காய்ந்ததை மட்டும் எடுத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

அடையாளம் காண, ஒற்றை இலையைப் படம் எடுத்துச் செயலியில் போடுவது வீண். தண்டில் இலை முளைக்கும் இடமான கணுவைப் பாருங்கள். கணுவுக்கு ஒரே இலையாக மாறிமாறி வந்தால் செம்பருத்தி, ரோஜா போன்றவை. இரண்டு இலை எதிரெதிரே நின்றால் நந்தியாவட்டை, மல்லிகை, இட்லிப்பூ பக்கம் தேடலாம். எதிரிலைச் செடியில் இரண்டு காம்புகளுக்கும் இடையே, தண்டோடு ஒட்டி, முக்கோணமாக ஒரு சிறு செதில் தெரிகிறதா? இட்லிப்பூ, கார்டேனியா, காப்பி ஆகியவை உள்ள குடும்பத்துக்கு அது நல்ல அடையாளம். ஒரு இலையைக் கிள்ளியும் பாருங்கள்: நந்தியாவட்டையில் வெள்ளைப் பால் வடியும், இட்லிப்பூவில் வடியாது.

நீண்டு தடித்த இலைகள் கணுவுக்கு மூன்றாகச் சுற்றி நின்றால் முதலில் அரளியைச் சந்தேகியுங்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. வெட்டிய குச்சியை எரிக்கக்கூடாது, புகையும் ஆகாது. ஆடு மாடு எட்டுகிற இடத்திலும் போடக்கூடாது. பால் வடிகிற எந்தச் செடிக்கும் கையுறையோடு கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கள்ளி வகைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இனி வெட்டு. காய்ந்ததுபோல் தெரியும் குச்சியை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பட்டது, நோய்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது முதலில் போகட்டும். பாதிச் செடிகளுக்கு அதற்குமேல் வேலையே இருக்காது. இருந்தால், உயிருள்ள பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். வெளிநோக்கிய மொட்டுக்கு 5 மில்லிமீட்டர் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரியுமாறு வெட்டுங்கள். எதிரிலைச் செடியில் மொட்டு இரண்டு பக்கமும் இருப்பதால் நேராக வெட்டினால் போதும். நீளமாக விட்ட முனை காய்ந்து, அழுகல் கீழே இறங்கும். நோயுள்ள கிளையைத் தொட்ட கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

எல்லோரும் செய்வது ஒன்று: வேலிக்கத்தரியால் மேலே ஒரே மட்டமாக மழித்துவிடுவது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. வெட்டிய இடங்களிலெல்லாம் துளிர் நெருக்கியடித்து வரும், உள்ளே வெயில் இறங்காது, ஓரிரு வருடத்தில் வெளியே பச்சைக் கூடும் உள்ளே மொட்டைக் குச்சியுமாக நிற்கும். அடியிலிருந்து பல தண்டு விடும் செடியானால், மூத்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை வருடத்துக்கு ஒருமுறை தரையோடு எடுங்கள். மூன்று வருடத்தில் செடியே புதிதாகிவிடும். துஜா போன்ற ஊசியிலைச் செடிகளிடம் இது பலிக்காது. இலையில்லாத பழங்கட்டை வரை வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

ஒரே புதரில் இரண்டு வித இலை தெரிந்தால் கீழே தடவிப் பாருங்கள். முண்டாக ஒட்டுக்கட்டிய இடம் இருந்து, மாறுபட்ட தண்டு அதற்குக் கீழிருந்து வந்தால், அது அடிச்செடியின், அதாவது ஒட்டுக்கு வேராக நிற்கும் செடியின், துளிர். அது பிறக்கும் இடம் வரை மண்ணை விலக்கிப் பிய்த்து எடுக்க வேண்டும். மேலோடு வெட்டினால் இன்னும் நாலு கிளம்பும்.

வெட்டிய உடனே உரத்தை அள்ளிப் போடாதீர்கள். இலை குறைந்த செடி தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். புதுத் துளிர் ஒரு சாண் நீண்டபின் உரம் வைத்தால் போதும்.