சுலோசனா வேஷத்துக்கு உதட்டுச் சாயம் ஆகாது

ஆண்டுவிழாவுக்குப் பேசாப்பட நடிகை வேஷம் கட்டி, செல்போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் அந்தக் காலத்து முகம் வந்துவிடாது. டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ரூபி மையர்ஸ், சுலோசனாவாகி 1927இல் ஒரே படத்தில் எட்டு வேஷம் போட்டார். அப்போது பெரும்பாலும் புழங்கியது ஆர்த்தோ பிலிம். அதற்குச் சிவப்பு தெரியாது. நீலம் மட்டுக்கு மீறித் தெரியும்.

அதனால் குங்குமப் பொட்டு மை வைத்ததுபோலக் கறுக்கும். அரக்குச் சேலை கறுப்பாகும், வெளிர்நீலச் சேலை வெள்ளையாகும். கன்னத்தில் ரூஜ் என்னும் சிவப்புப் பூச்சைத் தடவினால் பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். வெற்றிலை போட்ட வாயைச் சொல்லவே வேண்டாம், பல் போன கிழவிதான்!

போனில் இதைக் கொண்டுவர, சேனல் மிக்சர் (சிவப்பு, பச்சை, நீலத்தில் எது எவ்வளவு சேரணும் என்று வைக்கும் வசதி) உள்ள செயலியில் சிவப்பு 0, பச்சை 40, நீலம் 60 என்று வையுங்கள். நீலத்தில்தான் புள்ளி அதிகம் விழும். வெளிச்சம் குறைந்தால் முகம் மணல் கொட்டியதுபோல ஆகிவிடும்.

முகப்பூச்சுக்கு முத்துவெள்ளை என்னும் வேஷக்காரர் வெள்ளைப் பொடி 2 தேக்கரண்டி, தேங்காய் எண்ணெய் 1 தேக்கரண்டி குழைத்தால் போதும். எண்ணெய் கூடினால் நெற்றி மினுங்கும், மேலே பவுடர் ஒற்ற வேண்டும். கழுத்து, காது, கை எல்லாம் பூசணும். விட்டால் நம் மாநிறம் இன்னும் கறுத்து, முகம் மட்டும் முகமூடியாகத் தனியே நிற்கும். பழைய நாடகக்காரர் பெட்டியில் மஞ்சள் அரிதாரம் கிடந்தால் தொடாதீர்கள், அது பாஷாணம். உதட்டின் இரு ஓரத்தையும் பூச்சால் மறைத்து, நடுவில் மட்டும் வெளிர் பழுப்பில் சின்னதாக வரையுங்கள். சிவப்புச் சாயம் வேண்டாம்.

தாமிரபரணிப் படித்துறையில் எடுப்பதானால் காலை 9 மணிக்கு மேல் போங்கள். உச்சி வெயிலானால் தலைக்கு மேல் நாலு முழ வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டுங்கள். இல்லையென்றால் கண்குழியில் நிழல் விழும். அந்தக் காலத்திலும் வெள்ளைத் துணி கட்டித்தான் வெயிலை அடக்கினார்கள். மாலை 5 மணிக்கு மேல் வெளிச்சமே செம்மஞ்சள், அதில் நீலம் கொஞ்சம்தான், படத்தில் புள்ளி விழும். மஞ்சள் பல்புக்கும் அதே கதி.