வலது இடுப்பும் சிலம்பமும்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

ஜூன் 14, 2025, சனி

வலி எங்கே என்று யாராவது கேட்டால் கட்டைவிரலை வைத்தே காட்டிவிடலாம். வலது தொடை தொடங்கும் இடத்தில், வெளிப்பக்கம், கையைத் தொங்கவிட்டுத் தடவினால் ஒரு முண்டு தட்டுப்படுமே, அதன் மேல். அங்கிருந்து தொடையின் ஓரமாக முழங்கால் பக்கம் இறங்குகிறது. ராத்திரி வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. வலது காலில் நின்று இடது காலைப் பேண்டுக்குள் விடும்போது சுருக்கென்று குத்துகிறது. நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் நாலைந்து எட்டு நொண்டல்தான்.

எனக்கு 48 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வார நாட்களில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நின்றபடி வேலை. சனிக்கிழமை காலையில் திடலில் பிள்ளைகளுக்குச் சிலம்பம். இன்று காலடி காட்டும்போது வலது காலை ஊன்றித் திரும்ப வேண்டிய இடத்தில் கம்பு போனது, உடம்பு போகவில்லை. முன்வரிசையில் நின்ற பிள்ளை கவனித்துவிட்டாள்.

"மாஸ்டர், கால் வலிக்குதா?"

"ஆமாம்மா, வலிக்குது" என்றேன். பிள்ளைகளிடம் இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. வலியை விழுங்கிக்கொண்டு ஆடுவதுதான் வீரம் என்று அவர்கள் என்னைப் பார்த்துப் பழகக் கூடாது.

ஜூன் 17, செவ்வாய்

அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி, நம்பர் எடுத்துக் காத்திருந்தேன். டாக்டர் இளம் வயதுக்காரர், அவசரப்படாமல் கேட்டார். தொடை இடுக்கில், முன்பக்கமாக வலிக்கிறதா? குனிந்து காலுறை போட முடிகிறதா? கீழே விழுந்தீர்களா? பிறகு மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கி, காலை உள்பக்கமும் வெளிப்பக்கமும் திருப்பிப் பார்த்தார். தொடை இடுக்கில் வலியே இல்லை.

அடுத்து சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு வலது காலில் 30 விநாடி நிற்கச் சொன்னார். பாதிக்கு மேல் போனதும் அதே முண்டில், அதே வலி.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். இடுப்பு மூட்டுக்குள் கோளாறு என்றால் பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் வலிக்கும். கால் உள்பக்கம் திரும்ப மறுக்கும். காலுறை போடுவதே பெரும்பாடாகும். முதுகிலிருந்து கிளம்பி முழங்காலையும் தாண்டி இறங்கினால், பாதம் மரத்துப்போனால், முதுகு நரம்பைப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்து முண்டை அழுத்தினால் வலி, ஒற்றைக்காலில் நின்றால் வலி, அந்தப் பக்கம் படுத்தால் வலி என்றால் அங்கே எலும்பில் பிடித்திருக்கும் தசைநாண்களைத்தான் முதலில் சந்தேகிப்பார்களாம். மூட்டையும் பார்த்துவிடலாம் என்று எக்ஸ்ரேவுக்கு எழுதிக்கொடுத்தார்.

விழுந்து அடிபட்டுக் காலை ஊன்றவே முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு இடுப்பு மூட்டு வலித்தாலோ காத்திருக்கக் கூடாது, நேரே மருத்துவமனைதான். நம் ஊரில் வயதானவர்கள் குளியலறையில் விழுந்தால் முதலில் எண்ணெய் போட்டு உருவத்தான் கூட்டிப்போகிறார்கள். எலும்பு முறிந்திருந்தால் அப்படி இழுத்து உருவுவது எவ்வளவு பெரிய ஆபத்து!

ஜூலை 2, புதன்

எக்ஸ்ரேயில் மூட்டு நன்றாக இருக்கிறது. அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் இன்று முதல் தடவை. அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் கூலிம் பக்கத்துப் பெண், வயதில் சின்னவர் என்பதால் தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன். எலும்புக்கூட்டு மாதிரியை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் பேசத் தொடங்கினார்.

புட்டத்தின் பக்கவாட்டில் இரண்டு தசைகள், குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ். இரண்டின் நாண்களும் தொடை எலும்பின் அந்த வெளி முண்டில் வந்து பிடிக்கின்றன. நடக்கும்போது ஒரு கால் தரையில், இன்னொரு கால் காற்றில். அந்த நேரத்தில் இடுப்பு ஒரு பக்கமாகச் சரியாமல் பிடித்து நிறுத்துவது இந்தத் தசைகள்தான். முன்பெல்லாம் அங்குள்ள திரவப்பையின் வீக்கம், அதாவது பர்சைட்டிஸ் என்றுதான் எல்லாருக்கும் சொல்வார்களாம். ஸ்கேன் எடுத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு, பெரும்பாலானவர்களுக்கு நாண் நைந்திருப்பதுதான் முக்கியக் கோளாறு என்று தெரிந்திருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

"அக்கா, எப்படி உட்காருவீங்க, காட்டுங்க" என்றார். வலது காலைத் தூக்கி இடது கால்மேல் போட்டேன். "இது வேணாம்." நிற்கச் சொன்னார். எல்லாப் பாரத்தையும் வலது காலில் இறக்கி, இடுப்பை வெளியே தள்ளி நின்றேன். சிற்றுண்டிச்சாலையில் மணிக்கணக்காக நிற்பது அப்படித்தான். "இதுவும் வேணாம்."

கால் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே போகும்போதெல்லாம், கிணற்று விளிம்பில் இழுபடும் கயிறு மாதிரி நாண் அந்த முண்டின்மேல் அழுந்துகிறது. அழுத்தமும் இழுப்பும் சேர்ந்து வருவதுதான் நாணுக்குக் கெடுதல். காலைக் குறுக்கே இழுத்துப் புட்டத்தை நீட்டும் பயிற்சியை இடுப்பு வலிக்கு என்று எல்லாரும் சொல்கிறார்களே, இந்த வலிக்கு அதுவும் கூடாதாம். எனக்கு இது புதுச் செய்தி. சிலம்பத்துக்கு முன்னால் நாங்கள் செய்யும் உடல் தளர்த்தலில் அது இருக்கிறது.

தூங்கும்போது மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. இடப்பக்கம் திரும்பினால் இரண்டு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே கெட்டியான தலையணை, மேல்கால் கீழே சரியாமல்.

ஜூலை 3, வியாழன்

ராத்திரி நன்றாகத் தூங்கினேன். தலையணையை அம்மா சந்தேகமாகப் பார்த்தார்.

நேற்றிலிருந்து பெண்கள் நிற்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பசார் கடைகளின் அஞ்சடி நடைபாதையில், பேருந்து நிறுத்தத்தில், கோயில் வாசலில், எல்லாரும் ஒரு பக்க இடுப்பைத் தள்ளித்தான் நிற்கிறோம். பிள்ளையைத் தூக்கினால் இடுப்பில். துணி வாளி இடுப்பில். தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது பொதுக் குழாயிலிருந்து குடம் வந்ததும் இடுப்பில்தான். அம்மா கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்த காலத்தில் விடியுமுன்னே மலைச்சரிவில் நிரை பிடித்து, ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில் என்று மரத்துக்கு மரம் நடந்தவர். பால் எடுத்து, வாளியைத் தூக்கி, ஸ்டோருக்குப் போய் நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்திருக்கிறார்.

"அப்போ இடுப்பு வலிக்கலையாம்மா?"

"வலிக்காம என்ன? வலிச்சா பேரு வெட்டிடுவாங்க. சொல்லிக்கிட்டா இருந்தோம்?"

பேரு வெட்டுவது என்றால் அன்றைய கூலி இல்லை. எத்தனை பெண்களின் இடுப்பு அப்படியே பேசாமல் போனதோ என்று நினைத்தால் மனசு கனக்கிறது. அந்தத் தோட்டத்தில் இப்போது கித்தா மரமே இல்லை, முழுக்கச் செம்பனை.

ஜூலை 13, ஞாயிறு

பயிற்சிகள் பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கின்றன. மல்லாந்து படுத்து, முழங்கால்களைச் சுற்றி ஒரு பெல்ட்டைக் கட்டி, கால்களை வெளிப்பக்கம் மெதுவாகத் தள்ள வேண்டும். கால் நகராது, தசை மட்டும் விழித்துக்கொள்ளும். பிறகு முழங்காலை மடக்கிப் புட்டத்தைத் தரையிலிருந்து தூக்கி இறக்குவது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. இவை நன்றாக வந்தால் வலது காலில் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் ஒற்றைக்காலில்.

கண்ணாடி முன்னால் நின்று செய்யச் சொன்னார் தங்கச்சி. அது ஏன் என்று இன்று விளங்கியது. வலது காலுக்குப் பாரம் மாறியவுடனே இடுப்பு வெளியே நழுவுகிறது, எனக்குத் தெரியாமலே. இடுப்பில் போட்டிருக்கும் பெல்ட்டின் கொக்கி மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே செய்தால் நழுவுவதில்லை.

செய்யும்போது லேசான வலி இருக்கலாம், பயப்பட வேண்டியதில்லை. அன்று ராத்திரியும் மறுநாள் காலையும்தான் தீர்ப்பு சொல்லும். ராத்திரி வலி கூடினால் பாரத்தைக் குறைக்க வேண்டும். அடியோடு நிறுத்தக் கூடாது. முழு ஓய்வில் நாண் இன்னும் பலவீனமாகும். பாரமே இல்லாவிட்டாலும் கெடும், தாங்க முடியாத பாரம் திடீரென்று வந்தாலும் கெடும்.

ஜூலை 20, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். அவருக்கும் இதே இடத்தில் வலி வந்து, தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டாராம். "ஒரே ஊசிலா அண்ணி, பறந்து போச்சு. ஏன் இப்படி மெனக்கெடறீங்க?"

தங்கச்சி இதைப் பற்றி ஓர் ஆய்வைச் சொல்லியிருந்தார். ஆஸ்திரேலியாவில் இதே நாண் கோளாறு உள்ள 204 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பழக்க மாற்றமும் பயிற்சியும், ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்குப் பொறுத்திருந்து பார்ப்பது. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 8 வாரத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் பயிற்சிப் பிரிவில் 77 விழுக்காடு, ஊசியில் 58, சும்மா இருந்தவர்களில் 29. ஒரு வருடம் கழித்துப் பயிற்சிக்காரர்கள் ஏறக்குறைய 79, ஊசிக்காரர்கள் 58, பொறுத்திருந்தவர்கள் 52. ஆனால் வலியின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு வருட முடிவில் பயிற்சிக்கும் ஊசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால் ஊசியைத் திட்ட எனக்கு மனமில்லை. வலியில் தூக்கமே இல்லாதவருக்கு அது ஒரு வழி. நான் கம்பு சுற்ற வேண்டியவள். எனக்கு வலி குறைந்தால் போதாது, கால் தாங்க வேண்டும். நாத்தனாருக்குப் பெல்ட் பயிற்சியைக் காட்டிக்கொடுத்தேன். சிரித்துக்கொண்டே செய்தார், பிறகு "ஆமா அண்ணி, இங்கதான் புடிக்குது" என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ் வாங்க நீண்ட வரிசை. இரண்டு காலிலும் பாரத்தைச் சமமாகப் போட்டு நின்றேன். வலி வரவில்லை. தரையில் சம்மணம் போடாமல் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

அம்மாவின் வலி வேறு வகை. அவருக்குத் தொடை இடுக்கில் வலிக்கிறது, மூட்டுத் தேய்மானம். வலது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு முழுக்க வலப்பக்கம் சாய்கிறது. பக்கவாட்டுத் தசை தளர்ந்தால் வரும் இந்தச் சரிவை 1895இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் விவரித்தார். சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான். அம்மா ரோத்தான் கம்பை, அதாவது பிரம்புக் கைத்தடியை, வலது கையிலேயே பிடிக்கிறார், வலிக்கிற பக்கம் பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில். தங்கச்சியிடம் அழைத்துப் போயிருந்தேன். கம்பை இடது கைக்கு மாற்றிக் கொடுத்தார்.

காரணம் இதுதான். ஒற்றைக்காலில் நிற்கும்போது பக்கவாட்டுத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால், அந்த மூட்டின்மேல் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு அளவுக்குப் பாரம் விழுகிறது. எதிர்க்கையில் கம்பை ஊன்றினால் தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை, மூட்டின் பாரமும் இறங்கும். வலது காலும் இடது கைக் கம்பும் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும். கோயில் பிராகாரத்தில் அம்மா அப்படியே சுற்றி வந்தார். சாய்வு பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. "முன்னமே யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்று கம்பைத் தரையில் தட்டினார்.

செப்டம்பர் 6, சனி

இன்று காலடி வைத்தேன். வரிசை இப்படி: முதலில் கால் நகராமல் கம்பு வீச்சு மட்டும். பிறகு நேர்க்கோட்டில் முன்னும் பின்னும். பிறகு பக்கவாட்டில், மெதுவாக. திரும்புவது கடைசியில். ஒவ்வொன்றும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்காத பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். குதித்துத் திரும்பும் காலடி இன்னும் இல்லை. குறுக்குச்சரிவில் நடப்பதையும் தள்ளிவைத்திருக்கிறேன்.

வலது கால் ஊன்றி, முழங்கால் மடங்கி, கம்பு தலைக்கு மேல் சுற்றி வரும்போது இடுப்பு நழுவாமல் நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உடல் தளர்த்தலையும் மாற்றிவிட்டேன். காலைக் குறுக்கே இழுப்பதற்குப் பதில் நாற்காலி எழுச்சியும் பக்கவாட்டு நடையும்.

செப்டம்பர் 27, சனி

வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கி வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். "மாஸ்டர், நீங்க செஞ்ச பயிற்சிய எனக்கும் சொல்லித் தாங்க. இடுப்பு வலி தாங்கல."

எங்கே என்று காட்டச் சொன்னேன். கையைத் தொடை இடுக்கில் வைத்தார். செருப்பு வார் மாட்டக் குனிய முடிகிறதா என்று கேட்டேன். மகள்தான் மாட்டிவிடுகிறாளாம்.

அவருக்கு நான் பயிற்சி எதுவும் சொல்லவில்லை. இது என் வலி இல்லை அக்கா, முதலில் டாக்டர் காலைத் திருப்பிப் பார்க்கட்டும், எக்ஸ்ரே எடுக்கட்டும் என்றேன். ஒருநாள் கூலி போகுமே என்று யோசித்தார். திங்கட்கிழமை காலை 7.30க்கு நானே என் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சிற்றுண்டிச்சாலையில் அன்று ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகக் கேட்டு வாங்கிவிட்டேன்.