பதினைந்து நாள் விடுப்பு
மத்திய அரசில் பணிபுரியும் ஆண் ஊழியருக்கு, உயிருடன் இருக்கும் குழந்தைகள் இரண்டுக்கும் குறைவாக இருந்தால், மனைவியின் பேறுகாலத்தையொட்டி 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். தாய்க்கோ 180 நாள். என் மகள் பிறந்தபோது நான் அந்த 15 நாளையும் முழுமையாக எடுத்துக்கொண்டதை அலுவலகத்தில் சிலர் இன்றும் வேடிக்கையாகவே பேசுகிறார்கள்.

கழுத்து நிற்காத பிள்ளையை ஆண்கள் தூக்கக் கூடாது என்று முதலில் என் மாமியார் தடுத்தார். மூன்றாம் நாள் நள்ளிரவில், பால் குடித்த குழந்தையைத் தோளில் சாய்த்து, ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டிக்கொடுத்து, தூக்கம் கலையாமல் தூளியில் கிடத்தும் வேலையை அவரே என்னை எழுப்பி ஒப்படைத்தார். (முதல் முறை என் சட்டை முழுவதும் பால் கக்கினாள்.)

வெளியூரில் வேலையிலிருந்த என் அப்பாவுக்கு நான் பிறந்த செய்தி தந்தியில்தான் போயிற்று. என் முகத்தைப் பார்க்க அவருக்கு நாற்பது நாளாயிற்று. அவரைப் பொறுப்பற்றவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனெனில் விடுப்பு என்பதே அன்று அவர் கேட்கக்கூடிய ஒன்றாக இருக்கவில்லை.

தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் எதுவும் இதற்கு இல்லை. என் தங்கையின் கணவர் மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பினார். மகனின் தொப்புள்கொடி விழுந்ததை அவர் காணொளி அழைப்பில்தான் பார்த்தார்.