பாதியில் காலி செய்துவிட்டுப் போனார். பாக்கியை வாங்க நான் அலைந்த கதை

"அண்ணே, சாவியை எதிர்த்த மளிகைக் கடையில கொடுத்திருக்கேன்." வாட்ஸ்அப்பில் இந்த ஒரு வரிதான். பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஏழாவது மாதமே வாடகைக்கு இருந்தவர் கிளம்பிவிட்டார். இரண்டு மாத வாடகை 24,000, கரண்ட் பில் 3,400 பாக்கி. உள்ளே போனால் வாஷ்பேசின் உடைந்து கிடக்கிறது, பாத்ரூம் கதவு பிளந்திருக்கிறது, ஹால் சுவர் முழுக்க ஆணி ஓட்டை. அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணத்தில் கட்டிய வீடு. வயிறு எரிந்தது.

ரிப்பேருக்கு 21,500 ஆனது. அட்வான்ஸ் 36,000ஐக் கழித்தும் 12,900 இடித்தது. ஒரு மாத நோட்டீஸ் தராததற்கான வாடகையையும் சேர்த்தால் 24,900.

போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் லீவு போட்டு வாடகை அதிகாரி அலுவலகம் போனேன். மதியம் வரை காத்திருந்த பிறகு கிளார்க் கேட்ட முதல் கேள்வி, "பதிவு எண் என்ன?" தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை ஆன்லைனில் பதிந்திருக்க வேண்டும். என்னிடம் இருந்தது வெறும் 20 ரூபாய் பத்திரம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாளைத் திருப்பித் தள்ளினார். என்ன செய்யலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வழி சொன்னது வக்கீல்தான். வாடகை பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம், முதலில் நோட்டீஸ் அனுப்புவோம் என்றார். ஆதார் நகலில் இருந்த சொந்த ஊர் முகவரிக்கு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். ஒவ்வொரு செலவுக்கும் தேதி, கையெழுத்தோடு பில் கேட்டார். பிளம்பரிடம் வாய்க்கணக்கில் கொடுத்திருந்த காசுக்கு மறுபடி போய் எழுதி வாங்கினேன். நீங்கள் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுமுன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

நோட்டீஸ் கிடைத்ததும் போன் வந்தது. "பேசின் நாங்க வரும்போதே உடைஞ்சுதான் இருந்துச்சு." குடிவைக்கும்போது நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. இரண்டு நாள் தூக்கமில்லை. திடீரென்று, வீடு காலி என்று புரோக்கருக்கு வீடியோ அனுப்பியது ஞாபகம் வந்தது. தேடினால் கிடைத்துவிட்டது! விரிசல் இல்லாத பேசின், தேதியோடு. உடனே அனுப்பினேன்.

மறுநாள் வாடகைக்கு இருந்தவரின் அப்பா பேசினார். "தம்பி, 15,000 தர்றேன், இதோட முடிச்சுக்கலாம்." ஒப்புக்கொண்டேன். பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் 'பாக்கி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புதிதாக வந்திருப்பவர்களின் ஒப்பந்தத்தைப் பதிந்தாகிவிட்டது. குழாய், சுவிட்சு வரை எடுத்த வீடியோ இரண்டு பேர் போனிலும் இருக்கிறது.